ஃப்ளோரிடாவின் டார்ப்பன் ஸ்பிரிங்ஸ் போய் வந்தவர்கள் உங்கள் கதையையும் எழுதுங்கள்

டாம்பா மாமி:
போன சனிக்கிழமை போனோம். ஸ்பஞ்ச் டாக்ஸ் என்கிற கடற்பஞ்சுப் படகுத்துறை, கிரேக்கக் கடைகள், பக்லாவா இனிப்பு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். படகுச் சவாரியில் உலோக ஹெல்மெட் மாட்டிய ஒருவர் ஆன்க்ளோட் ஆற்றில் இறங்கி ஒரு கடற்பஞ்சோடு ஏறினார். கறுப்பாக, தோலோடு, பச்சை ஈரல் மாதிரி வழவழவென்று இருந்தது. என் மகள் கையில் வைத்தார்கள். "செடியா?" என்று கேட்டாள். "உயிருள்ள பிராணி" என்றார் படகுக்காரர். அன்று ராத்திரி, கடையில் ஆசையாக வாங்கிய, இதே பிராணியைச் சுத்தம் செய்து காயவைத்த மஞ்சள் பஞ்சால் குளிக்கவே மாட்டேன் என்று ஒரே அழுகை. அது இன்னும் பையைவிட்டு வெளியே வரவில்லை.

கணக்கு வாத்தியார்:
மாமி, அது வேடிக்கை காட்டுவது. பஞ்சு அறுக்கிற படகுகள் போவது நடுக்கடலுக்கு, ஆற்றுக்கு இல்லை. 1905இல் பஞ்சு வியாபாரி ஜான் கோக்கோரிஸ் கிரேக்கத் தீவுகளிலிருந்து முக்குளிப்பவர்களை வரவழைத்ததும் அதற்குத்தான். நானும் போனேன், வெயில், திரும்பிவிட்டேன். சரி, வாங்கியதை வீணாக்காதீர்கள். முதலில் தண்ணீரில் நன்றாக ஊறவிடுங்கள், காய்ந்த பஞ்சு தோலைக் கீறும். கொதிக்க வைக்கக் கூடாது. பிளீச் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் அலசி, முறுக்காமல் பிழிந்து, காற்றில் தொங்கவிடுங்கள். நாற்றம் வந்தால் பேக்கிங் சோடா கரைத்த நீரில் ஊறவையுங்கள். அடுத்த முறை 'வூல்' ரகம் கேட்டு வாங்குங்கள், மென்மையாக இருக்கும். அப்புறம், அடியைக் கொஞ்சம் விட்டு அறுத்தால் பஞ்சு மறுபடி வளரும், பாப்பாவிடம் சொல்லுங்கள்.

ஜனவரி ஆறு:
வாத்தியாரே, வெயிலுக்குத் திரும்பியவர் வேடிக்கை என்று சொல்லக் கூடாது. இயேசுவின் ஞானஸ்நானத்தைக் கொண்டாடும் எபிஃபனி திருநாள் அன்று, ஜனவரி 6, ஊரில் உள்ள ஸ்பிரிங் பாயூ நீர்நிலைக்குப் போய்ப் பாருங்கள். மதகுரு வெள்ளைச் சிலுவையைத் தண்ணீரில் வீசுவார், 16 முதல் 18 வயதுப் பையன்கள் பாய்வார்கள். சிலுவையை எடுத்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டம் போய்விட்டது. எனக்கு மறக்காதது இன்னொரு பையன். படிக்கட்டில் உதடு நீலமாகி உட்கார்ந்திருந்தான். ஒரு பாட்டி, சொந்தப் பாட்டியா தெரியாது, கிரேக்கத்தில் திட்டிக்கொண்டே தலையைத் துவட்டிவிட்டார். அவனுக்கு 18 என்றால் அதுதான் கடைசி வாய்ப்பு. கேட்க மனம் வரவில்லை.

டாம்பா மாமி:
பேக்கிங் சோடா யார் கேட்டார்கள் ஐயா? ஆனால் மறுபடி வளரும் என்பதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அறுக்கும்போது வலிக்குமா?" என்கிறாள்.