மறு: ‘கேட்ச்-அப்’ தடுப்பூசிக்குத் தமிழ்ச்சொல் – ‘நிலுவைத் தவணை’யை முன்மொழிகிறேன்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். தடுப்பூசிப் பணியாளர்களுக்கான வழிகாட்டியைத் தமிழில் எழுதும்போது ‘கேட்ச்-அப் வாக்சினேஷன்’ (உரிய வயதில் போடாமல் விட்ட தடுப்பூசியைப் பின்னர் போடுவது) என்ற இடத்தில் நின்றுவிட்டதாகச் செவிலியர் அம்மா எழுதியதிலிருந்து இந்த இழையில் நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: எட்டிப்பிடிப்புத் தடுப்பூசி, ஈடுசெய் தடுப்பூசி, கூடுதல் தவணை, விடுபட்ட தடுப்பூசி. ஐந்தாவதாக ‘நிலுவைத் தவணை’ என்பதை முன்வைக்கிறேன். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பணியாளர் முன்னால் இருக்கும் அட்டையைப் பார்ப்போம். குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு எதிரான கூட்டுத் தடுப்பூசி) முதல் தவணை போடப்பட்டிருக்கிறது. தேதியும் கையொப்பமும் தெளிவாக இருக்கின்றன. அதற்குப் பிறகு கட்டங்கள் எல்லாம் வெறுமை. இப்போது ஒன்பது மாதம் முடிந்து, தட்டம்மை ஊசிக்காகக் குழந்தையை அழைத்து வந்திருக்கிறார்கள். நடுவில் ஏழு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டதே, பழைய தவணை வீண்தான், முதலிலிருந்து தொடங்குவோம் என்று நினைக்கத் தோன்றும். அப்படித் தொடங்கக் கூடாது. முதல் தவணை உருவாக்கிய நினைவுச் செல்கள் நாள்காட்டியைப் பார்த்து அழிந்துபோவதில்லை. நின்ற இடத்திலிருந்து தொடர வேண்டும். இன்றைக்கே பென்டாவேலன்ட் இரண்டாம் தவணை. அதோடு தட்டம்மை ஊசியும், அட்டவணைப்படி இன்று போடக்கூடிய மற்றவையும். ஒரே தொடையில் இரண்டு ஊசி போட நேர்ந்தால் இடையில் குறைந்தது 2.5 சென்டிமீட்டர் விட்டால் போதும். நான்கு வாரம் கழித்து மூன்றாவது தவணை. இவ்வளவுதான் ‘கேட்ச்-அப்’. இந்தச் செயலை, வேறு பொருள் எதுவும் ஒட்டிக்கொள்ளாமல், பணியாளரின் காதில் போடும் சொல்லே நமக்கு வேண்டும்.

இதை வைத்துப் பார்த்தால் ‘எட்டிப்பிடிப்பு’ தேறாது. மூலச்சொல்லில் இருப்பது முந்திப்போனவரை ஓடிப் பிடிக்கும் படிமம். தமிழில் அதைக் கேட்டவுடன் யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்ற கேள்விதான் எழும். அதைவிடப் பெரிய குறை, அந்தச் சொல்லில் உள்ள அவசரம். தவணைகளுக்கு இடையில் குறைந்தபட்ச இடைவெளி என்று ஒன்று இருக்கிறது. பென்டாவேலன்டுக்கு நான்கு வாரம். எவ்வளவு தாமதமாக வந்தாலும் அதைச் சுருக்க முடியாது. உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசிகள் இரண்டை ஒரே நாளில் போடலாம். அன்று போடாவிட்டால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். ஓடிப் பிடிக்கச் சொல்லும் சொல் இந்த விதிகளுக்கு எதிர்த்திசையில் இழுக்கிறது.

‘ஈடுசெய்’ நல்ல வினைதான். ஆனால் ஈடு என்றால் இழப்புக்குப் பதிலாக வேறொன்று தருவது. இங்கே வேறொன்றும் தரவில்லை. அதே தவணையைத்தான் தருகிறோம். விட்டதற்கு ஈடாக இரண்டு மடங்கு என்ற எண்ணத்துக்கும் அது இடம் கொடுக்கிறது. ‘கூடுதல் தவணை’யை உடனே ஒதுக்கிவிடலாம்: முன்பு எத்தனை தவணை பெற்றிருந்தாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் தரும் போலியோ முகாம் சொட்டு மருந்துக்கே அந்தப் பெயர் பொருந்தும்.

‘விடுபட்ட தடுப்பூசி’யைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எளிய சொல், எல்லோருக்கும் புரிகிறது, ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதை நடந்துபோனதற்கு வைத்துக்கொள்வோம் என்பது என் கருத்து. அட்டையில் வெறுமையாக இருக்கும் கட்டம் விடுபட்ட தவணை. இனிச் செய்ய வேண்டியதற்கு அது பெயராகாது. இன்னொரு சிக்கலும் உண்டு. விடுபட்டது என்கிறோம், யாரால் விடுபட்டது? பெரும்பாலும் நாம் தாயைத்தான் பார்க்கிறோம். ஆனால் அந்த வெறுமைக் கட்டங்களில் எத்தனையோ மருத்துவமனைக்கு உள்ளேயே உண்டாகின்றன. குழந்தைக்கு லேசான சளி, இன்று வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். சிறு காய்ச்சல், ஆன்டிபயாடிக் மருந்து எடுப்பது, குறைமாதத்தில் பிறந்தது என்று காரணம் சொல்கிறார்கள். இவை எவையும் தடுப்பூசியை மறுக்கத் தகுந்த காரணங்கள் அல்ல. பத்துத் தவணை கொண்ட தட்டம்மைக் குப்பியின் கதை வேறு: கரைசலில் கலக்கிய பிறகு ஆறு மணி நேரத்துக்குள் தீர்ந்தாக வேண்டும், இல்லையேல் கொட்டிவிட வேண்டும். வந்திருப்பது ஒரே குழந்தை என்றால் குப்பியை உடைக்கப் பணியாளருக்குக் கை வராது. ஒன்பது தவணை வீணாகுமே என்ற கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் திரும்பிப்போன அந்தக் குழந்தை மறுபடி வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இவற்றையெல்லாம் உலக சுகாதார நிறுவனம் ‘தவறவிட்ட வாய்ப்புகள்’ என்ற தலைப்பில் தனியாகவே பேசுகிறது. தவறவிட்டது குடும்பம் அல்ல, திட்டம்.

இங்கிருந்துதான் ‘நிலுவை’க்கு வந்தேன். இழையில் ஒரு நண்பர் இப்படி மறுத்திருந்தார்:

> நிலுவை என்றாலே கடன்காரர் நினைவுதான் வரும். வரி நிலுவை, கட்டண நிலுவை என்றுதான் கேட்டுப் பழகியிருக்கிறோம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாயிடம் ‘உங்களுக்கு நிலுவை இருக்கிறது’ என்று சொன்னால் தலைகுனிந்து போவாரே?

ஐயா, ஊதிய நிலுவை என்கிறோமே, அகவிலைப்படி நிலுவை, ஓய்வூதிய நிலுவை என்கிறோமே, அங்கே தலைகுனிய வேண்டியவர் யார்? கொடுக்க வேண்டியவர்தான். வாங்க வேண்டியவர் தலைநிமிர்ந்து கேட்கிறார். பொதுநிதியில் நடக்கும் தடுப்பூசித் திட்டத்தில் நிலுவை அந்த வகையைச் சேர்ந்தது. அரசு ஓர் அட்டவணையை அறிவித்து, இன்ன வயதில் இன்ன தவணை உன் குழந்தைக்கு உண்டு என்று வாக்களித்திருக்கிறது. அந்தத் தவணை வந்து சேரவில்லை என்றால் குழந்தைக்குத் திட்டம் கடன்பட்டிருக்கிறது. தாய் கேட்டு வாங்க வந்திருக்கிறார். சொல்லிலேயே இந்த உறவு இருப்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பணியாளர் தாயைக் கடிந்துகொள்வதற்கும் உட்காரவைத்துப் பேசுவதற்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது. கடிந்துகொள்ளப்பட்டவர் அடுத்த தவணைக்கு வருவதில்லை.

இது சிறிய எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு அல்ல. பெருந்தொற்றுக் காலத்தில், 2021இல் மட்டும், முத்தடுப்பு ஊசியின் (டிப்தீரியா, கக்குவான் இருமல், டெட்டனஸ் ஆகியவற்றுக்கு எதிரானது) மூன்று தவணைகளையும் முழுமையாகப் பெறாத குழந்தைகள் உலகில் சுமார் 2.5 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மதிப்பிட்டன. அவர்களில் சுமார் 1.8 கோடிப் பேருக்கு முதல் தவணைகூடக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டிலேயே இதற்கென்று தனி வழிகாட்டி வந்தது. 2023இல் உலக அளவிலான இயக்கமும் தொடங்கியது. 1974இல் ஆறு நோய்களுக்கு எதிராகத் தொடங்கிய விரிவான தடுப்பூசித் திட்டம், சுமார் முப்பது ஆண்டுகளில் இத்தனை பெரிய தொடர் சரிவைக் கண்டதில்லை.

‘தவணை’ என்ற பாதியைப் பற்றி ஒரு வார்த்தை. கோவிட் காலத்தில் முதல் தவணை, இரண்டாம் தவணை என்று செய்தித்தாள்கள் எழுதி எழுதி அது வேரூன்றிவிட்டது. ‘டோஸ்’ என்ற ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமக்கிறது: ஊசியில் ஏறும் அரை மில்லிலிட்டரும் டோஸ்தான், வரிசையில் இரண்டாவது என்பதும் டோஸ்தான். தமிழில் முன்னதை ‘மருந்தளவு’ என்றும் பின்னதைத் ‘தவணை’ என்றும் பிரித்துக்கொள்ளலாம். வழிகாட்டியில் இந்தப் பிரிவு உயிர்காக்கும் பிரிவு. நிலுவைத் தவணை போடும்போது எத்தனை முறை என்பது மாறலாம், தாமதத்துக்காக ஊசியில் ஏற்றும் அளவைக் கூட்டக் கூடாது.

ஊசி ‘போடுவது’, ‘செலுத்துவது’, இலங்கையில் ‘ஏற்றுவது’ என்ற வழக்குகளுக்குள் நான் இப்போது நுழையவில்லை. நிலுவையும் தவணையும் கடலின் இருபுறமும் விளங்கும் சொற்கள் என்பது மட்டும் போதும்.

அன்புடன்.

—

மறு: மறு: ‘கேட்ச்-அப்’ தடுப்பூசிக்குத் தமிழ்ச்சொல் – ‘நிலுவைத் தவணை’யை முன்மொழிகிறேன்

செவிலியர் அம்மாவுக்கு வணக்கம்.

> ‘நிலுவைத் தவணை’ என் காதுக்கு நன்றாகவே இருக்கிறது. பயம் ஒன்றுதான். நிலுவை என்பது நாளானாலும் குறையாது. எங்கள் இளம் செவிலியர்கள் காலிக் கட்டங்களை எண்ணி, ஐந்து கட்டம் காலியா, ஐந்தையும் போட்டுவிடுவோம் என்று கிளம்பிவிட்டால்? வயது தாண்டினால் சில ஊசி தேவையே இல்லை அல்லவா?

இந்த இழையில் வந்த மறுப்புகளிலேயே கனமானது இதுதான், அம்மா. களத்தில் நின்றவரால்தான் இதைக் கேட்க முடியும்.

ஹிப் தடுப்பூசியையே (மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரானது) எடுத்துக்கொள்வோம். கைக்குழந்தைக்கு மூன்று தவணை. ஒரு தவணையும் பெறாத குழந்தை பன்னிரண்டு மாதம் தாண்டி வந்தால் ஒரே தவணை போதும்; ஐந்து வயதைக் கடந்த ஆரோக்கியமான குழந்தைக்கு அதுவும் தேவையில்லை. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தை இரண்டு வயதுக்கு மேல் பரிந்துரைப்பதில்லை, அந்த நோயின் கடுமை பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடுவதால். முத்தடுப்பு ஊசியோ நேர்மாறு. ஏழு வயது தாண்டினாலும் பாதுகாப்பு தேவைப்படுகிறது. மருந்து மட்டும் மாறி, டிப்தீரியாக் கூறு குறைக்கப்பட்ட டெட்டனஸ்-டிப்தீரியா (Td) ஊசியாகிறது. தட்டம்மைக்கு வயது எல்லையைத் தளர்த்தி, விடுபட்டவர்களைத் தேட வேண்டும், ஏனென்றால் வளர்ந்தவர்களையும் அந்த நோய் விடுவதில்லை. ஆக, அட்டையின் காலிக் கட்டங்களும் இன்று போட வேண்டிய தவணைகளும் ஒரே எண்ணிக்கை ஆவதில்லை.

எனவே சொல்லை மாற்றுவதைவிட வரையறையை இறுக்கிவிடுவோம். என் பரிந்துரை: “விடுபட்ட தவணைகளில், குழந்தையின் இன்றைய வயதுக்கு இன்னும் தேவைப்படுபவை நிலுவைத் தவணைகள்.” வழிகாட்டியில் இதற்கு அடுத்த வரியிலேயே “காலிக் கட்டங்களை எண்ணாதீர்கள், நிலுவை அட்டவணையைப் பாருங்கள்” என்று தடித்த எழுத்தில் போட்டுவிடலாம். வயதால் தேவையற்றுப் போனவற்றை ‘வயது கடந்த தவணை’ எனலாம். ‘காலாவதி’ என்ற சொல்லைக் குப்பியின் மேல் அச்சிட்ட தேதிக்கு மட்டும் விட்டுவைப்போம். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் குழப்பம் நிச்சயம்.

நீங்கள் தமிழ்ச்சொல் கேட்ட மற்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

‘இன்வேலிட் டோஸ்’: குறைந்தபட்ச இடைவெளிக்கு முன்பே போட்டுவிட்ட தவணையைக் கணக்கில் எடுக்கக் கூடாது, மறுபடி போட வேண்டும் என்பதுதானே விதி? ‘செல்லாத தவணை’ என்று எழுதினால், என் பிள்ளைக்குக் கெட்டுப்போன மருந்தைப் போட்டார்களா என்று தாய் பதறுவார். ‘கணக்கில் சேராத தவணை’ என்றால் மருந்தில் பழுதில்லை, நாளில்தான் பிழை என்பது விளங்கும்.

‘இம்யூனைசேஷன் புரொவைடர்’: ‘வழங்குநர்’ வேண்டாம். சேவையை விற்கும் நிறுவனத்தின் பெயர் போல ஒலிக்கிறது. குளிர்பெட்டி இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பவரும், ஒவ்வாமை உண்டா என்று கேட்பவரும், ஊசி போட்டபின் குழந்தையை உட்காரவைத்துக் கவனிப்பவரும், அட்டையில் எழுதுபவரும் அவரேதான். ‘தடுப்பூசிப் பணியாளர்’ போதும்.

‘பப்ளிக்லி ஃபண்டட்’: ‘இலவசத் தடுப்பூசி’ என்று எழுதும் பழக்கத்தை இந்த வழிகாட்டியிலாவது விட்டுவிடக் கேட்டுக்கொள்கிறேன். இலவசம் என்ற சொல் கொடுப்பவரை வள்ளலாக்கி, வாங்குபவரை இறக்கிவைக்கிறது. அது மக்கள் வரிப்பணம். ‘பொதுநிதித் தடுப்பூசி’ என்போம். நடைமுறையிலும் இதனால் ஒரு பயன் உண்டு. மருத்துவப் பரிந்துரை இருந்தும் பொதுநிதியில் இடம்பெறாத தடுப்பூசிகள் எந்த நாட்டிலும் சில இருக்கும். அவற்றையும் குடும்பத்துக்குச் சொல்லும் கடமை பணியாளருக்கு இருக்கிறது. ‘பரிந்துரைத் தடுப்பூசி’, ‘பொதுநிதித் தடுப்பூசி’ என்று இரண்டு பட்டியல்கள் இரண்டு பெயர்களில் இருந்தால் எது எதில் அடங்கும் என்பதில் தடுமாற்றம் இராது. நிலுவைத் தவணைக்குப் பொதுநிதி எந்த வயதுவரை பொறுப்பேற்கிறது என்பதையும் அந்தப் பட்டியலிலேயே தனிக் கட்டமாகக் காட்டிவிடலாம். அந்த வயது வழக்கமான அட்டவணையின் வயதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிலுவை என்று பெயர் வைப்பதே வீண்.

ஒரு தவணையும் பெறாத குழந்தையை இப்போதைக்கு ‘தவணை தொடங்காத குழந்தை’ என்று எழுதியிருக்கிறேன். ‘பூச்சியத் தவணைக் குழந்தை’ என்பதைவிட அது குழந்தைக்கு மரியாதையாகப் படுகிறது. இதற்கு வேறு யோசனை இருப்பவர்கள் தனி இழை தொடங்கினால் நல்லது.

அம்மா, உங்கள் பயிற்சி வகுப்பில் இந்த வாக்கியத்தைச் செவிலியர்களிடம் கொடுத்து வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: “பாப்பாவுக்கு இரண்டு தவணை நிலுவையில் இருக்கிறது. ஒன்றை இன்றைக்கே போட்டுவிடலாம், அடுத்ததற்கு நான்கு வாரம் கழித்து வாருங்கள்.” அவர்கள் நாக்கு எந்தச் சொல்லில் இடறுகிறது என்று எழுதுங்கள். அதைப் பார்த்தபின் வரையறையை இறுதி செய்வோம்.

அன்புடன்.