ராணியைச் சீக்கிரம் இறக்கக் கூடாது என்றால் ஸ்காண்டிநேவியன் எப்படி?

இரவுநேர பிளிட்ஸ்:
செஸ்ஸில் தொடக்கத்திலேயே ராணியை வெளியே எடுக்காதே என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரி. ஆனால் ஸ்காண்டிநேவியனில் (வெள்ளையின் இ4-க்கு கறுப்பு டி5 என்று பதில் சொல்லும் தொடக்கம்) வெள்ளை டி5-ல் வெட்டியதும், கறுப்பு இரண்டாவது மூவிலேயே அங்கே ராணியால் திருப்பி வெட்டுகிறதே? 1995 உலக சாம்பியன்ஷிப்பில் காஸ்பரோவுக்கு எதிராக ஆனந்தே அதை ஆடியிருக்கிறார். இன்னொன்று, ஆன்லைனில் இ4 இ5 என்று இருவரும் சிப்பாயைத் தள்ளியதும் வெள்ளை ராணியை எச்5-க்குக் கொண்டுவருகிறவர்களுக்கு எப்படிப் பாடம் புகட்டுவது?

பழைய பலகை:
பாடம் புகட்டும் எண்ணத்தை முதலில் விடுங்கள். ராணியை விரட்டும் அவசரத்தில் ஜி6 தள்ளினால் ராணி இ5 சிப்பாயை வெட்டிச் செக் வைக்கும், அடுத்து எச்8 யானையும் காலி. சி6-ல் குதிரையை வைத்து இ5-ஐக் காப்பாற்றுங்கள். அவருடைய பிஷப் சி4-க்கு வந்து, ராணியோடு சேர்ந்து எஃப்7-ல் மேட் மிரட்டும். இப்போது தள்ளுங்கள் ஜி6. ராணி எஃப்3-க்குப் போய் மறுபடி அதே மேட்டைக் காட்டும், நீங்கள் எஃப்6-ல் குதிரை வைப்பீர்கள். இப்போது பாருங்கள்: உங்கள் இரண்டு குதிரைகளும் நல்ல கட்டத்தில், ஜி7-க்கு பிஷப் தயார். அவருடைய ராணியோ சொந்தக் குதிரை வர வேண்டிய எஃப்3-ஐ அடைத்துக்கொண்டு நிற்கிறது.

அதோடு விடாமல் ராணியை பி3-க்குக் கொண்டுபோனால் வேடிக்கைதான். உங்கள் குதிரை டி4-க்குப் பாயும். அவர் பிஷப் எஃப்7-ல் வெட்டிச் செக், உங்கள் ராஜா இ7. பிஷப்பைக் காக்க ராணி சி4-க்கு வந்தால் பி5 சிப்பாயைத் தள்ளுங்கள்! ராணி நகர வேண்டும், பிஷப் போச்சு.

ராணி வெளியே வருவது குற்றமில்லை. அதை விரட்டும் சாக்கில் எதிராளி எப்படியும் ஆட வேண்டிய மூவ்களை ஆடிவிடுகிறார், அங்கேதான் நஷ்டம். குதிரை தாக்கப்பட்டால் காவல் போட்டு நிற்கலாம். ராணிக்குக் காவல் போட்டு என்ன பயன், ஓடத்தான் வேண்டும். ஸ்காண்டிநேவியனிலும் வெள்ளை சி3-ல் குதிரை வைத்ததும் கறுப்புக்கு ஒரு மூவ் நஷ்டம். பதிலுக்கு வெள்ளையின் இ4 சிப்பாய் நடுவில் இல்லை, ஏ5-ல் ராணியை லேசில் தொட முடியாது, சி6 தள்ளினால் திரும்பும் வழியும் உண்டு. தெரிந்தே வாங்கும் கடன்.

ஜி7 பிஷப்:
எச்5 ராணியை அவ்வளவு கேவலமாகப் பார்க்காதீர்கள் ஐயா. 2005-ல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுரா அதை நம்ம சென்னை கிராண்ட்மாஸ்டர் சசிகிரணிடமே ஆடினார். ஐந்தாவது மூவில் குதிரையை இ2-ல் வைத்து டி4-க்குக் காவல் போட்டுவிட்டார். சசிகிரண்தான் ஜெயித்தார், ஆனால் 87 மூவ் ஆனது.

பழைய பலகை:
மறுக்கவில்லை. உடனே தோற்கும் மூவ் அல்ல, வெள்ளைக்குரிய சாதகத்தைத் தாரை வார்க்கும் மூவ். நகமுரா அளவுக்குத் தற்காக்கத் தெரிந்தால் ஆடலாம்!

விஷச் சிப்பாய்:
ராணியே சிக்கிக்கொள்ளும் ஆபத்தை விட்டுவிட்டீர்களே. 1972 உலக சாம்பியன்ஷிப், ஸ்பாஸ்கி–ஃபிஷர் 11-வது ஆட்டம். ஃபிஷர் ராணியால் பி2 சிப்பாயை வெட்டினார். 14-வது மூவில் ஸ்பாஸ்கி குதிரையை பி1-க்கே திருப்பிக் கொண்டுபோனார். அப்புறம் கறுப்பு ராணிக்கு மூச்சு முட்டியது, கடைசியில் மீளவே இல்லை. ஃபிஷருக்கே அந்த கதி.

இரவுநேர பிளிட்ஸ்:
நன்றி. எச்5 ராணிக்கு எதிராக சி6 குதிரைக்குப் பதில் எஃப்6-ல் குதிரை வைத்து உடனே ராணியைத் தாக்கினால்?

பழைய பலகை:
இ5-ஐச் செக்கோடு வெட்டிக்கொள்வார். பதிலுக்கு உங்கள் காய்கள் வேகமாக வெளியே வரும், அதற்காகவே பிளிட்ஸில் (சில நிமிட வேக ஆட்டத்தில்) தெரிந்தே சிப்பாயைக் கொடுப்பவர்கள் உண்டு. கொடுக்க மனமில்லை என்றால் சி6 குதிரைதான்.