புதுக்கோட்டையில் பர்னிச்சர் கடை: கையில் இருக்கும் ஒரு லட்சத்தை எந்த விளம்பரத்தில் போடுவது?

மரக்கடை மகன் (கேள்வி)

அப்பா 1987-இல் தொடங்கிய கடையைப் பன்னிரண்டு ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். முன்பக்கம் கடை, பின்பக்கம் பட்டறை. அப்பா காலத்தில் ஐந்து ஆசாரிகள் இருந்தார்கள். இப்போது இரண்டு பேர், அதில் ஒருவருக்குக் கண்ணில் புரை. தேக்கும் வேங்கையும் நாங்களே இழைத்துச் செய்கிறோம். ஷீஷம் என்ற வடநாட்டு மரத்தில் செய்த சோபா ஜோத்பூரிலிருந்து லாரியில் வருகிறது. குறைந்த விலைக்குக் கேட்பவர்களுக்காக ரப்பர் மரக் கட்டிலும் வைத்திருக்கிறேன். ரப்பர் மரம் என்று சொல்லித்தான் விற்கிறேன்.

போன வாரம் ஒரு குடும்பம் வந்தது. பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். அப்பா, அம்மா, பெண், பெண்ணின் சித்தி. தேக்குக் கட்டில் ஒன்றை அப்பா தட்டிப் பார்த்தார், சித்தி உட்கார்ந்து பார்த்தார், அம்மா தலைமாட்டில் செதுக்கியிருந்த மயிலைத் தடவிப் பார்த்தார். நாற்பதாயிரம் சொன்னேன். எல்லாம் கூடி வந்த நேரத்தில் பெண் கைபேசியை நீட்டி, "இதே கட்டில் பத்தொன்பதாயிரம்தான்" என்றாள். படத்தில் இருந்தது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, மேலே தேக்கு நிறத்தில் ஒட்டிய தாள். நான் எங்கள் கட்டிலின் பலகையைத் தூக்கி அடிச்சட்டத்தைக் காட்டினேன். "மெத்தை போட்ட பிறகு அதை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார் சித்தி. காபி குடித்தார்கள். யோசித்துவிட்டு வருவதாகச் சொன்னார்கள். எங்கள் தொழிலில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சீசனுக்காக ஒரு லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். விளம்பரக்காரர் ஒருவர், எல்லா விலைச்சீட்டையும் இரட்டிப்பாக்கிவிட்டுப் பஸ் நிலையம் அருகே 'பாதி விலை' என்று பெரிய பலகை வைக்கச் சொல்கிறார். தவணைக் கம்பெனி ஆள் ஒருவர் வட்டியில்லாத் தவணை கொண்டுவந்தால் விற்பனை கூடும் என்று வாரத்துக்கு இரண்டு முறை வருகிறார். அக்கா மகனோ நான் ஆசாரியோடு சேர்ந்து ரீல்ஸில் ஆட வேண்டும் என்கிறான். எனக்கு ஆட்டம் வராது, ஆசாரிக்குக் கோபம் வரும்.

தொழிலில் இருப்பவர்களும் வாங்குகிறவர்களும் மனத்தில் பட்டதைச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

பெரிய ஷோரூம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் கிளை மேலாளராக இருந்தேன். பெயர் வேண்டாம்.

முதலில் தவணை. வட்டியில்லாத் தவணையில் வட்டி எங்கும் ஓடிவிடவில்லை. யார் தலையில் என்பதுதான் கேள்வி. உங்கள் நாற்பதாயிரம் ரூபாய்க் கட்டிலையே எடுத்துக்கொள்வோம். அந்த விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம் என்றால் வரி மட்டும் 6,102 ரூபாய். கடைக்கு நிற்பது 33,898. எங்கள் கிளையில் தவணைக் கம்பெனிக்காரர்கள் பத்து மாதத் திட்டத்துக்கு நூற்றுக்கு ஆறு ரூபாய் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கணக்கில் போட்டார்கள். உங்களுக்கும் அதே விகிதம் என்றால் 2,400 ரூபாய் போகும். மரம், கூலி, வாடகை எல்லாம் கழித்து ஒரு கட்டிலில் ஏழாயிரம் நிற்கிறது என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு தவணைக் கம்பெனிக்கு. இதற்கு மேல் வாங்குகிறவரிடம் தனியாகச் செயலாக்கக் கட்டணம் வேறு.

அதற்காகத் தவணையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மாதச் சம்பளக்காரர் அது இல்லாமல் உள்ளேயே வருவதில்லை. விகிதத்தைப் பேரம் பேசுங்கள், பத்து மாதத்துக்குப் பதில் ஆறு மாதத் திட்டம் கேளுங்கள். ரொக்கமாகத் தருபவருக்கு அந்த 2,400-இல் ஒரு பங்கை விட்டுக்கொடுங்கள். எல்லாருக்கும் ஒரே விலை போட்டால், ரொக்கக்காரர் தவணைக்காரரின் வட்டியைச் சுமக்கிறார்.

விளம்பரப் பலகை விஷயம் வேறு. விலையை ஏற்றிப் பாதியாக்கும் வேலையை நானே செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு ஷட்டரை இறக்கிவிட்டு விலைச்சீட்டு மாற்றுவோம். மாநகரத்தில் அது ஓடும், நேற்று வாங்கியவர் இன்று அந்தப் பக்கம் வர மாட்டார். உங்கள் ஊரில் போன மாதம் நாற்பதாயிரம் கொடுத்தவர் அந்தப் பலகையின் கீழேதான் தினமும் பஸ் ஏறுவார். அவர் கேள்வி கேட்டு வந்தால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

இணையத்தைப் பார்த்து அதிகம் மிரளவும் வேண்டாம். பெப்பர்ஃபிரை, அர்பன் லேடர் என்ற பர்னிச்சர் கம்பெனிகள் இரண்டும் 2012-இல் இணையத்தில் தொடங்கியவை. இரண்டும் பிறகு தெருவில் இறங்கிக் கடை திறந்தன. அர்பன் லேடரின் 96 சதவீதப் பங்கை 2020 நவம்பரில் 182 கோடிக்கு ரிலையன்ஸ் வாங்கியது. சோபாவில் உட்கார்ந்து பார்க்காமல் பணம் எடுக்க நம் ஆட்களுக்குக் கை வராது. ஸ்வீடன் பர்னிச்சர் கம்பெனியான ஐகியா 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் இந்தியாவின் முதல் கடையைத் திறந்தபோது உள்ளே ஆயிரம் பேர் அமரும் உணவகமும் வைத்தார்கள். வந்தவர் நேரம் போக்கட்டும் என்பதுதான் எண்ணம். அந்த வகையில் உங்கள் காபி வீண் செலவு அல்ல.

மூன்றாம் மாடி

நான் வாங்குகிற கட்சி. திருச்சியில் மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.

நீங்கள் சொன்ன அந்தப் பத்தொன்பதாயிரம் கட்டிலின் தங்கையை நான் வாங்கினேன். நான்கு அட்டைப் பெட்டிகளில் வந்தது. பாகங்களைப் பொருத்துகிறவர் எட்டாம் நாள் வந்தார். பக்கச் சட்டத்தில் ஒரு துளை ஒரு விரல் தள்ளி இருந்தது. அவர் அதே இடத்தில் இன்னொரு துளை போட, பலகை பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. மாற்றுப் பலகை வரும்வரை பதினொரு முறை போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் புதிய குரல், புதிய மன்னிப்பு. அதுவரை மெத்தை தரையில்.

அதற்காக உள்ளூர்க் கடைக்காரர்கள் உத்தமர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அம்மாவுக்கு எங்கள் தெருமுனைக் கடையில் தேக்குக் கட்டில் வாங்கினோம். குட்டியானையில் வந்து இறங்கியது. முதல் மாடித் திருப்பத்தில் தலைமாடு சிக்கிக்கொண்டது. நான்கு பேர் சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்தது. கடைசியில் கயிறு கட்டி வெளிப்பக்கமாக மேலே ஏற்றினார்கள். அதற்குத் தனிக்கூலி 1,500. கடைக்காரர் சொன்ன பதில்: "மாடி என்று நீங்கள் சொல்லவே இல்லையே அம்மா."

ஒருவர் அளவு நாடாவோடு முன்னதாக வந்து மாடிப்படியை அளந்திருந்தால், இரண்டாயிரம் கூடச் சொன்னாலும் அவரிடம்தான் வாங்கியிருப்பேன். இதை விளம்பரத்தில் சொல்லும் கடை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. நான் விளம்பரப் பலகை பார்த்துக் கடைக்குப் போனதே இல்லை. கூகுள் வரைபடத்தில் தேடுவேன், படம் பார்ப்பேன். தெருமுனைக் கடைக்கு இருந்த ஒரே படத்தில் மூடிய ஷட்டரும் அதன் முன்னால் ஒரு நாயும். உங்கள் கடைக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

காரைக்குடிப் பெரியவர்

தம்பி, முப்பத்தைந்து வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்ததில்லை, பலகையும் வைத்ததில்லை.

உன்னிடம் கட்டில் வாங்குகிறவன் யார்? பாதிப் பேர் பெண்ணைக் கட்டிக்கொடுப்பவர்கள், மீதிப் பேர் வீடு கட்டுகிறவர்கள். பெண்ணைக் கொடுப்பவன் உன்னிடம் வருவதற்கு முன்னால் எங்கே போகிறான்? மண்டபம், நகைக்கடை, அதற்குப் பிறகு கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம். நகைக்கடைக்குப் போகும்போது அவன் கட்டிலை நினைப்பதில்லை. பத்திரிகைக்கு மாதிரி பார்க்கிறபோதுதான் சீர்வரிசைப் பட்டியல் சட்டைப்பையில் இருக்கிறது. உன் ஊரில் எத்தனை அச்சகம் இருக்கும்? ஏழா, எட்டா? நேரில் போய் உட்கார். வீடு கட்டுகிறவன் டைல்ஸ் கடைக்குப் போன பிறகு உன்னிடம் வருவான். அங்கேயும் போய் உட்கார். ஆடியிலும் மார்கழியிலும் நீ ஈ ஓட்டுகிற நேரத்தில் இந்த வேலையைச் செய்.

மரத்தில் பொய் சொல்லாதே. நீ சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறாய், நல்லது. பர்மா அரசு 2014 ஏப்ரலிலேயே உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இங்கே இன்னும் விளம்பரப் பலகைக்குப் பலகை 'அசல் பர்மா தேக்கு'. இறங்குகிற மரத்தில் எவ்வளவோ ஆப்பிரிக்காவிலிருந்து வருவது. ஆப்பிரிக்கத் தேக்கு என்று சொல்லி விற்றால் என்ன குறைந்துவிடும்? பில்லில் மரத்தின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. நான் அப்படித்தான் கொடுக்கிறேன். பத்து வருடம் கழித்து அந்தப் பில்லோடு மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

பிரம்புச் சாமானும் கொஞ்சம் வை. மரக்கட்டிலுக்கு வரி 18, முழுக்கப் பிரம்பிலோ மூங்கிலிலோ செய்ததற்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 தான். பிரம்பு வேலைக்குப் பேர்போன தைக்கால் பக்கம் போய்ப் பார்த்து ஊஞ்சல் நாலு எடுத்து வாசலில் தொங்கவிடு. குழந்தைகள் ஏறி உட்கார்ந்தால் பெற்றவர்கள் உள்ளே வந்துதான் ஆக வேண்டும்.

ரீல்ஸ் பற்றி எனக்குத் தெரியாது. பேத்தி காட்டுகிறாள், எல்லாரும் ஏன் அவ்வளவு வேகமாகக் கதவைத் திறந்து மூடுகிறார்கள் என்று மட்டும் புரியவில்லை.

கணக்குப்பிள்ளை

பெரியவர் சொன்ன பில் யோசனையோடு ஒன்று சேர்க்கிறேன். ரீல்ஸில் ஆட வேண்டாம். ஆசாரி கட்டிலின் காலில் துளையடித்துக் குறுக்குச் சட்டத்தை இறக்குவதை, அந்தச் சத்தத்தோடு, அரை நிமிடம் அப்படியே எடுத்துப் போடுங்கள். சித்தி கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். மெத்தை போட்ட பிறகு தெரியாததை மெத்தை போடுவதற்கு முன்னால் காட்டிவிடுகிறீர்கள்.

மரக்கடை மகன்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

வரைபடத்தில் போய்ப் பார்த்தேன். எங்கள் கடைக்கு இருந்தவை மூன்று படங்கள். இரண்டு மங்கல், ஒன்று பக்கத்து ஆட்டிறைச்சிக் கடை. அக்கா மகன் எல்லாவற்றையும் புதிதாக எடுத்துப் போட்டுவிட்டான், பட்டறை உட்பட. ஆசாரி கோபப்படவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று அரை மணி நேரம் காக்க வைத்தார்.

பலகை வைக்கச் சொன்ன விளம்பரக்காரரை அனுப்பிவிட்டேன். தவணைக்காரர் ஆறு மாதத் திட்டத்துக்கு நூற்றுக்கு மூன்றரை என்று இறங்கி வந்திருக்கிறார், நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அளவு நாடாவோடு மூன்று வீடுகளுக்குப் போனேன். ஒரு வீட்டில் படித் திருப்பம் இரண்டடி பத்து அங்குலம். எங்கள் தலைமாடு ஒரே துண்டாக அங்கே ஏறவே ஏறாது. நடுவில் பிரித்து, பின்பக்கம் போல்ட் போட்டுச் சேர்க்கிறபடி ஆசாரி மாற்றிவிட்டார். மயிலின் கழுத்தில் கோடு விழக் கூடாது என்று அவர் பட்ட பாடு தனிக்கதை. அந்த வீட்டில் முன்பணம் கொடுத்துவிட்டார்கள். மற்ற இரண்டு வீட்டிலும் காபிதான் கிடைத்தது.

அச்சகங்களில் முதலாவதாக ஒன்றுக்குப் போய்வந்தேன். கமிஷன் பேசலாம் என்று ஆரம்பித்தேன், உரிமையாளர் வேண்டாம் என்றார். அவர் மேசையின் ஒரு கால் குட்டை. யாரோ வாங்கிக்கொள்ளாமல் விட்ட கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒன்றை அடியில் அண்டை கொடுத்திருக்கிறார். "முதலில் இதைச் சரிசெய்து கொடுங்கள், பிறகு யாரை அனுப்புவது என்று பேசலாம்" என்றார். நாளைக் காலை ஆசாரியை அழைத்துக்கொண்டு போகிறேன்.