கற்பூரவல்லி போட்டேன், தயிர் உறையவில்லை

மாடித்தோட்டக்காரி:
தொட்டியில் கற்பூரவல்லி மண்டிக் கிடக்கிறது. கஷாயம் என்றால் பேரன் ஓடுகிறான். சரி, தயிரிலேயே கலந்துவிடலாம் என்று தோன்றியது. (சளிக்குத் தயிரா என்று அடிக்க வராதீர்கள், சளி போன பிறகுதான்.) பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பத்துப் பன்னிரண்டு இலையை அரைத்துச் சாற்றை விட்டேன். உறைமோர் ஊற்றி மூடி வைத்தேன். காலை ஆறு மணிக்கும் பால் பாலாகவே இருந்தது. பத்து மணிக்குக் கொழகொழவென்று ஏதோ ஒன்று. உறைமோர் மேல் பழி போட்டேன். மறுநாள் அதே உறைமோரில் வெறும் பாலை வைத்தால் கத்தியால் வெட்டலாம் போல உறைந்திருக்கிறது! அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கற்பூரவல்லியின் வாசமே கார்வக்ரால், தைமால் என்ற பொருட்களால் வருவது. ஓமத்தில் மணப்பதும் தைமால்தான். கிருமியை அடக்கும் என்றுதானே அதைத் தேடிப் போகிறோம்? நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று ஆள் பார்க்க அதற்குத் தெரியாது. பாலில் புளிப்பு ஏறி பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, புளிக்கப் புளிக்க இது இறங்கும்) 4.6 பக்கம் வந்தால்தான் கேசீன் புரதம் சேர்ந்து கட்டியாகும். புளிக்க வைக்க வேண்டிய பாக்டீரியாவை நானே மயக்கம் போட வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் வெறும் தயிரை உறைய வைத்துவிட்டு, இரண்டே இலையை நெய்யில் வதக்கிப் பச்சடியாகக் கலக்கிறேன்.

கட்டுச்சோறு:
அக்கா, உங்களைக் கற்பூரவல்லி கவிழ்த்தது, என்னை இஞ்சி. குடும்பத்தோடு காசிக்கு ரயில். வழக்கம்போல் குழைந்த சோற்றில் வெதுவெதுப்பான பால் நிறைய, தயிர் ஒரு கரண்டி. போகப் போகப் புளித்துக்கொள்ளும். செரிமானத்துக்கு நல்லது என்று பச்சை இஞ்சியைத் தாராளமாகத் துருவிப் போட்டேன். மறுநாள் மதியம் டப்பாவைத் திறந்தால் ஒரே கசப்பு. மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பால்வளப் படிப்பு படிக்கும் அண்ணன் மகள்தான் விளக்கினாள். பச்சை இஞ்சியில் புரதத்தை வெட்டும் நொதி இருக்கிறதாம். சீனாவில் குவாங்டாங் பக்கம் சூடான பாலை இஞ்சிச் சாற்றில் ஊற்றியே கட்டியாக்கிச் சாப்பிடுகிறார்கள், உறைமோரே கிடையாது. அதே நொதி மணிக்கணக்கில் பால் புரதத்தை வெட்டிக்கொண்டே போனால் அந்தத் துண்டுகள் கசக்கும். பச்சை அன்னாசியைத் தயிரில் ஊற விட்டாலும் இதே கதைதான். எண்ணெயில் நன்றாக வதக்கினால் நொதி செத்துவிடும். எங்கள் பாட்டி கடுகு, பெருங்காயத்தோடு இஞ்சியையும் தாளித்துத்தான் கொட்டுவாள். நான்தான் சத்து போய்விடும் என்று அதை மாற்றினேன்.

துபாய்வாசி:
இங்கே என் அறைத்தோழர் ஈரானில் இருக்கும் ஷிராஸ் ஊர்க்காரர். தயிரில் வெள்ளரிக்காய், வால்நட், உலர்திராட்சை, மேலே காய்ந்த ரோஜா இதழ். புதினா மட்டும் பச்சையாகப் போட மாட்டார். காய்ந்த இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, தயிருக்கு மேலேயே உதிர்ப்பார். முதல் நாள் எனக்குச் சிரிப்புதான். பச்சைப் புதினா தண்ணீர் விட்டுத் தயிரை நீர்க்க வைக்கும், இது வைக்காது. அரை மணி நேரம் குளிர வைத்துச் சாப்பிட்டால் வாசம் தயிர் முழுக்க இறங்கியிருக்கும். ஆடையோடு இருக்கும் கெட்டித் தயிரில்தான் இது எடுபடும், ஏனென்றால் மணம் தரும் எண்ணெய்கள் கொழுப்பில் கரைபவை.

மோர்ப்பானை:
கோடையில் தள்ளுவண்டியில் மோர் விற்கிறேன். துபாய் அண்ணன் சொன்னது சரி. வெண்ணெய் எடுத்த மோரில் வாசம் ஒட்டாது, இலை தனியாக மிதக்கும். கறிவேப்பிலை, கொத்தமல்லி, பச்சை மிளகாயைக் கல்லுப்பு போட்டு அம்மியில் நசுக்கினால்தான் சாறு இறங்கும். இஞ்சியை அப்போதைக்கு அப்போது கலப்பதால் கசப்புப் பிரச்சினை எனக்கு வந்ததில்லை.

போன வருடம் வல்லாரை மோர் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியது. ஒரு பெரியவர் வந்து, "தினம் இதைக் குடித்தால் சுகர் மாத்திரையை நிறுத்திவிடலாமா தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பக்கென்றது. "ஐயா, இது மோர். தாகம் தீரும், வயிறு குளிரும். மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்" என்றேன். அன்றைக்கே பலகையில் எழுதியிருந்த 'மூலிகை'யை அழித்துவிட்டு 'வல்லாரை மோர்' என்று மட்டும் எழுதினேன். இன்னொருவர் மோர்க்குழம்பிலும் நல்ல பாக்டீரியா இருக்குமா என்கிறார். கொதிக்க வைத்த பிறகு எங்கே இருக்கும்?

மாடித்தோட்டக்காரி:
துபாய் தம்பி சொன்ன மாதிரி புதினாவை நிழலில் காய வைத்து நேற்று தயிரில் உதிர்த்தேன். பேரன் கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது மருந்தா?" என்றான். இல்லை என்றேன். இரண்டாவது கிண்ணம் கேட்டான். கற்பூரவல்லி தொட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன், பஜ்ஜி போட நாலு இலை மட்டும் வைத்துக்கொண்டு.