மின்புலத்தை நிறுத்தியதும் சக்கைக் குச்சிகள் இரு மடங்கு வேகமாகக் கலைகின்றன, ஏன்?

டர்பன் மாணவி:
வணக்கம். கரும்புச் சக்கையிலிருந்து எடுத்த செல்லுலோஸ் நானோ படிகங்களை நீரில் விட்டு, மின்புலத்தில் அவை எப்படித் திரும்புகின்றன என்று பார்த்து வருகிறேன். குச்சி வடிவத் துகள்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நீளம் சுமார் 200 நானோமீட்டர், தடிமன் சுமார் 10. அமைப்பு எளியதுதான்: சிவப்பு லேசர், புலத்துக்கு 45 டிகிரியில் போலரைசர் (ஒளியை ஒரே திசையில் அதிரவைக்கும் வடிகட்டி), மின்வாய் வைத்த கண்ணாடிக் கலம், போலரைசருக்குக் குறுக்காக அனலைசர் (அதே மாதிரி இன்னொரு வடிகட்டி), கடைசியில் வெளிச்சத்தை அளக்கும் போட்டோடயோடு. துடிப்பு கொடுத்தால் வெளிச்சம் ஏறும், நிறுத்தினால் இறங்கும்.

இறங்கும் வேகத்தில்தான் சிக்கல். 25 டிகிரி நீரில் இந்த அளவுக் குச்சிக்குத் தளர்வு நேரம் (வரிசை கலைவதற்கான நேர அளவு) 127 மைக்ரோவிநாடி அளவில் வரவேண்டும். ஆசிலோஸ்கோப்பில் 65-ஐ ஒட்டியே வருகிறது. அதை நம்பினால் நீளம் 155 நானோமீட்டர் என்றாகிவிடும். ஒலியலைக் குளியலில் குச்சிகள் உடைந்திருக்கும் என்கிறார் உடன் வேலை செய்பவர். ஆனால் நுண்ணோக்கிப் படம் எடுத்ததே அதற்குப் பிறகுதான். எங்கே பார்க்கலாம்?

மாரிட்ஸ்பர்க்வாசி:
குச்சிகள் உடையவில்லை, தங்கச்சி. நீ அளப்பது இரட்டை விலகலை (ஒளி அதிரும் திசைக்கேற்ப விலகல் எண் மாறுவதை) அல்ல, அதன் இருமடியை. அனலைசர் முழுக்கக் குறுக்காக நிற்கும்போது வரும் வெளிச்சம், இரட்டை விலகலால் ஒளியின் இரு கூறுகளுக்கிடையே எழும் கட்ட வேறுபாடு சிறியதாக இருக்கும்வரை, அந்த வேறுபாட்டின் இருமடியைப் பொறுத்தது. குச்சிகள் கலையும்போது இரட்டை விலகல் சுழல் விரவல் எண்ணின் (குச்சி தானாகத் திசை மாறும் வேகத்தின் அளவு) 6 மடங்கு வேகத்தில் தேயும். இருமடி எடுத்துவிட்டால் 12 மடங்கு. 127-இல் பாதி 63 சொச்சம். உன் 65 வேறெங்கே இருக்கும்?

அளவுப் பரவலைக் காரணம் காட்டவும் வழியில்லை. தளர்வு நேரம் ஏறத்தாழ நீளத்தின் மும்மடியாக வளர்வதால், நீளமான குச்சிகள் வளைவின் வாலை இழுத்துக்கொண்டே போகும். பரவல் நேரத்தைக் கூட்டும், குறைக்காது.

சோதித்துப் பார்க்கப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கு. 1875-இல் ஜான் கெர் கண்டபடி இரட்டை விலகல் புலத்தின் இருமடியாக வளரும். அதாவது 4 மடங்கு. உன் போட்டோடயோடு காட்டுவது அதற்கும் இருமடி என்றால் 16 மடங்கு ஏறவேண்டும். துடிப்பு இல்லாதபோதும் கசியும் ஒளியைக் கழித்துவிட்டுக் கணக்கிடு. புலத்தை அதிகம் ஏற்றாதே. குச்சிகள் எல்லாம் வரிசைப்பட்டுவிட்டால் இந்த விதி நிற்காது.

அப்புறம், கலத்துக்கும் அனலைசருக்கும் நடுவே ஒரு கால் அலைத் தகடு (ஒளியின் ஒரு கூறை மற்றதைவிடக் கால் அலை பின்தள்ளும் தகடு) வை. அதன் அச்சு போலரைசருக்கு இணையாக இருக்கட்டும். அனலைசரைக் குறுக்கு நிலையிலிருந்து சில டிகிரி திருப்பு. அந்தக் கோணம் கட்ட வேறுபாட்டைவிட நன்றாகப் பெரியதாக இருக்கவேண்டும். துடிப்புக்கு முன்பே கொஞ்சம் வெளிச்சம் தெரியும். அதற்கு மேல் ஏறி இறங்குவது இரட்டை விலகலுக்கு நேர்விகிதம். கூட்டல் கழித்தல் குறியும் கையோடு கிடைக்கும்: இந்தக் குச்சிகளில் குறி மாறினால் அவை புலத்துக்குக் குறுக்கே படுக்கின்றன என்று பொருள். குறுக்கு அனலைசரை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சக்கை என்று படித்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் நம்மவர்கள் இங்கே தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்து இறங்கியது இந்தக் கரும்புக்காகத்தானே. நன்றாகச் செய்.

சாட்ஸ்வொர்த் எஞ்சினியர்:
அக்கா சொன்னதுடன் கலத்தையும் கவனியுங்கள். கந்தக அமிலத்தில் எடுத்த படிகம் என்றால் பரப்பில் சல்பேட் தொகுதிகள் எதிர்மின்னோடு இருக்கும், சுற்றிலும் அயனிகள். உப்பு மிச்சமிருந்தால் துடிப்பின்போது மின்னோட்டம் ஓடி நீர் சூடாகும். 20 டிகிரியில் 1.00 மில்லிபாஸ்கல்-விநாடியாக இருக்கும் நீரின் பாகுநிலை 30-இல் 0.80 தான். பிப்ரவரியில் கரண்ட் போய் ஏசி நின்றால் அந்த ஒன்றே உங்கள் தளர்வு நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கலத்தின் வெப்பநிலையை ஒவ்வொரு அளவீட்டோடும் எழுதி வையுங்கள். ஒரே திசை (டிசி) துடிப்பில் மின்வாய்களை ஒட்டி அயனிகள் குவிந்து புலத்தை மறைப்பதும் உண்டு. சில கிலோஹெர்ட்ஸ் மாறுமின் துடிப்பிலும் ஒருமுறை எடுத்து ஒப்பிடுங்கள்.

டர்பன் மாணவி:
அக்கா, அழுத்தத்தை இரட்டித்ததில் வெளிச்சம் 15 மடங்கைத் தாண்டியது! பக்கத்து ஆய்வகத்தில் கால் அலைத் தகடு இரவல் கிடைத்தது. தளர்வு நேரம் இப்போது 130-ஐ ஒட்டி வருகிறது, நீங்கள் சொன்ன வாலும் தெரிகிறது. அண்ணா, உப்பை நீக்க மறுபடி டயாலிசிஸ் போட்டிருக்கிறேன். இன்னொன்று: துடிப்பின் நடுவே மின்புலத்தின் திசையைச் சட்டென்று திருப்பினால் என்ன தெரியும்?

மாரிட்ஸ்பர்க்வாசி:
குச்சிக்கு நிலையான இருமுனைத் திருப்புதிறன் (ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின்) இருந்தால், அது தலைகீழாகத் திரும்பியாக வேண்டும். அந்த நேரத்தில் ஆசிலோஸ்கோப் கோடு பள்ளமாக இறங்கி மறுபடி ஏறும். தூண்டப்பட்ட (புலமே உண்டாக்கும்) முனைவாக்கம் மட்டும் என்றால் கோடு அசையாது. ஆனால் அயனிப் படலமே மெதுவாகத் திரும்பினால் அதுவும் பள்ளம் போலத் தெரியும். அதனால் டயாலிசிஸ் முடிந்த பிறகே எடு, உப்பின் அளவை மாற்றி இன்னொரு முறையும் எடு.