புதுப்பிப்பு: கொள்ளிடக் கரையோரப் பட்டா நிலத்தில் மரம் நட அரசு உதவி

கரை அரிக்கும் படுகை நிலத்தில் மரம் வைக்க உதவி கிடைக்குமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது, விவசாய நிலத்தில் மரம் வளர்க்கத் தமிழக அரசு நடத்தும் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தைச் சொன்னவரின் யோசனைதான்.

வேளாண் துறையின் உழவன் கைபேசிச் செயலியில் பதிய வேண்டும். வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலும் பதியலாம். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல் கையில் இருக்கட்டும். கன்று இலவசம். வரப்பு நடவென்றால் ஏக்கருக்கு 50 கன்று. பிழைத்திருக்கும் கன்றுக்குத் தலா 7 ரூபாய் ஊக்கத்தொகை, இரண்டாம் ஆண்டிலிருந்து. அதனால் ஆட்டிடமிருந்து காக்க முள்வேலி முதல் நாளே அவசியம்.

எதிர்பாராதது ஒன்று: பட்டா எல்லைக்கு வெளியே ஆற்றை ஒட்டிய சரிவு புறம்போக்கு. அதற்கு இந்த உதவி இல்லை. கை வைக்க நீர்வளத் துறை அனுமதி வேண்டும். நடுவதற்கு முன் சர்வேயரை வைத்து எல்லைக்கல்லைப் பார்த்துவிடுங்கள்.

கரை விளிம்பிலேயே தேக்கு வைக்காதீர்கள். அடிமண் கரைந்தால் மரத்தின் பாரமே கரையை இழுத்துச் சாய்க்கும். மரம் உள்ளே தள்ளி இருக்கட்டும். பட்டாவுக்குள் சரிவு இருந்தால் அங்கே வெட்டிவேர்தான் சரி: சரிவுக்குக் குறுக்கே வரிசையாக, அரை அடிக்கும் குறைவான இடைவெளியில், வெள்ளம் வடிந்ததும் நடுங்கள். அடுத்த வெள்ளத்துக்குள் வேர் பிடித்துவிடும்.