அலைன்மெண்ட் சக்சஸ்னு காட்டுது, ஆனா ஓரியனைத் தாண்டினா எதுவும் சிக்க மாட்டேங்குது

புதுமவுண்ட்:
எல்லாருக்கும் வணக்கம். டெலஸ்கோப் கைக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, 130 மிமீ நியூட்டோனியன், போகல் லென்த் 650, ஒத்தைக்கை ஆல்ட்-அஸ் (மேல்-கீழ், பக்கவாட்டுனு திரும்பற) கோடூ மவுண்ட், அதாவது பேர் குடுத்தா மோட்டார்ல தானே அங்க திரும்பற தாங்கி. ஐபீஸ் (கண் வைக்கற லென்ஸ்) 25 மிமீயும் 10 மிமீயும் இருக்கு. தினமும் ரெண்டு நட்சத்திர அலைன்மெண்ட்தான் பண்றேன் (ரெண்டு நட்சத்திரத்த நடுவுல வச்சு மவுண்டுக்கு வானத்த அடையாளம் காட்டறது), சிரியஸ் ஒண்ணு பீட்டல்ஜூஸ் ஒண்ணு, ரெண்டுமே பளிச்சுனு இருக்கும் தப்பா பிடிக்க வாய்ப்பே இல்லன்னு அதையே வச்சுட்டேன். கண்ட்ரோலர்ல சக்சஸ்னு வந்துடுது. அப்புறம் எம்42, அதான் ஓரியன் நெபுலா, போடுன்னா அழகா ஐபீஸுக்குள்ள கொண்டு வந்து நிறுத்துது, கார்த்திகைக் கூட்டம் ஓரத்துல வருது, மேற்கால ஆண்ட்ரோமீடா கேலக்ஸி எம்31 போட்டா சுத்தமா ஒண்ணுமில்ல, வெறும் கருப்பு. மூணு நாளா இதே கதை. மோட்டார்ல கோளாறா, இல்ல நான்தான் ஏதாச்சும் தப்பு பண்றேனா? திருப்பி அனுப்பிடலாமான்னு கூட யோசனை வந்துடுச்சு.

மூணுகால்:
முதல்ல ட்ரைபாட் லெவலா இருக்கான்னு பாருங்க சகோ. குமிழி மட்டம் வச்சு துல்லியமா வைக்கலன்னா கோடூ ஒரு நாளும் சரியா போகாது. அடுத்து தேதி. நிறைய கண்ட்ரோலர்ல மாசம்தான் முதல்ல வரும், நாள் அப்புறம். 05/03ன்னு மார்ச் அஞ்சுக்குப் போட்டா அது மே மூணுன்னு எடுத்துக்கும். டேலைட் சேவிங் ஆன்ல இருந்தா ஒரு மணி நேரம் போச்சு, ஒரு மணி நேரம்னா வானத்துல 15 டிகிரி. அட்சரேகை தீர்க்கரேகையும் பாருங்க, போன் 11.50ன்னு தசமத்துல காட்டும், மவுண்ட் டிகிரி நிமிஷம்னு கேக்கும், 11.50ங்கறது 11 டிகிரி 30 நிமிஷம், 50 நிமிஷம் இல்ல.

பழையலென்ஸ்:
மூணுகால் சொன்ன தேதி விஷயம் எல்லாரும் ஒரு தடவையாவது பண்ற தப்புதான், ஆனா தம்பிக்கு அது இல்லன்னு நெனைக்கிறேன். நேரமோ ஊரோ தப்பா இருந்தா முதல் நட்சத்திரத்துக்குப் போறப்பவே மவுண்ட் எங்கயோ போய் முறைச்சுட்டு நிக்கும். ரெண்டு நட்சத்திரத்தையும் நடுவுல வச்ச பிறகு அந்த நேரத் தப்பு பெரும்பாலும் கணக்குலயே கரைஞ்சிடும், நிலா, கிரகம் இதெல்லாம்தான் கொஞ்சம் தள்ளிப் போகும்.

லெவல் விஷயத்துலயும் நான் மூணுகால் கட்சி இல்ல, மன்னிக்கணும். ஒரு நட்சத்திரம் மட்டும் வச்சு அலைன் பண்ணா லெவல் உயிர். ரெண்டு நட்சத்திரம்னா மவுண்ட் எவ்ளோ சாஞ்சிருக்குன்றதையும் சேர்த்துதான் பெரும்பாலும் கணக்கு போடுது. ஓரளவு மட்டமா இருந்தா ரெண்டாவது நட்சத்திரம் ஃபைண்டருக்குள்ள (குழாய் மேல இருக்கற குறிபாக்கற சின்னக் கருவி) வந்து விழும், வேலை சுளுவு, அவ்ளோதான். குமிழியோட அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியதில்ல. மண்ணுல கால் புதையாம இருக்கறது அதைவிட முக்கியம், அலைன் பண்ண பிறகு ஒரு கால் உள்ள இறங்கினா எல்லாம் போச்சு.

தம்பி நீங்க எழுதினதுலயே விடை இருக்கு. எம்42 கிடைக்குது, கார்த்திகை ஓரத்துல வருது, எம்31 இல்ல. அதாவது அலைன் பண்ண நட்சத்திரத்த விட்டு தள்ளிப் போகப் போக தப்பு கூடிட்டே போகுது. எப்பவுமே தப்பு எந்த ரூபத்துல வருதுன்னு மொதல்ல பாக்கணும். எல்லா இடத்துலயும் ஒரே பக்கமா ஒரே அளவு விலகினா அது வேற, தூரத்தோட கூடினா வேற, ஒருக்கா சரியா ஒருக்கா தப்பா இஷ்டத்துக்கு வந்தா அது க்ளட்ச் நழுவுறது, டவ்டெயில் (குழாய மவுண்ட்ல மாட்டற பட்டை) திருகு லூசு, பேட்டரி இறங்கினது இந்த மாதிரி. உங்களோடது ரெண்டாவது வகை.

ஒரு குடைய விரிச்சு அதுல ஒரு இடத்துல ஆணி அடிச்சிட்டோம்னு வச்சுக்கங்க, குடை அந்த ஆணியச் சுத்தி இன்னும் திரும்பும். ரெண்டாவது ஆணி அடிச்சாதான் நிக்கும். அந்த ரெண்டாவது ஆணிய முதல் ஆணிக்குப் பக்கத்துலயே அடிச்சா, அது இம்மி பிசகினாலும் குடையோட அந்தப் பக்க விளிம்பு சாண் கணக்குல நகந்துடும். சிரியஸுக்கும் பீட்டல்ஜூஸுக்கும் இடையில 27 டிகிரிதான். ரெண்டாவது நட்சத்திரத்த அரை டிகிரி பக்கவாட்டுல தப்பா வச்சிருந்தீங்கன்னா, 90 டிகிரி தள்ளி இருக்கற எடத்துல அது ஏறக்குறைய 1.1 டிகிரியா ஆயிடும். எம்31 சிரியஸ்ல இருந்து 100 டிகிரி. உங்க 25 மிமீ ஐபீஸ்ல 26 மடங்கு, தெரியற வானம் சுமார் 2 டிகிரி, நடுவுல இருந்து ஓரம் வரை 1 டிகிரி. புரியுதா, எம்31 ஐபீஸுக்கு வெளிய ஒட்டி நிக்குது. மோட்டார் மேல பழி போடாதீங்க, திருப்பி எல்லாம் அனுப்ப வேணாம்.

சிரியஸ் கூட கபெல்லாவ வச்சுப் பாருங்க, இடைவெளி 65 டிகிரி கிட்ட வரும். அதே அரை டிகிரி தப்பு அரை டிகிரியாவே நின்னுடும்.

இரவுராந்தல்:
பழையலென்ஸ் அண்ணன் சொன்னது சரி. ஆனா அந்த அரை டிகிரி தப்பு எங்க இருந்து வருதுன்னும் பாக்கணும்ல. 25ல வச்சு கண்ணளவுல நடுன்னு விட்டா கால் டிகிரி தப்பு சாதாரணமா வரும். 10 மிமீ போடுங்க, 65 மடங்கு, 0.8 டிகிரிதான் தெரியும். பார்லோ (உருப்பெருக்கத்த கூட்டற லென்ஸ்) இருந்தா இன்னும் நல்லது. குறுக்குக்கோடு போட்ட ஐபீஸ் எல்லாம் வாங்கணும்னு அவசியமில்ல, போகஸ வெளிய திருப்பி நட்சத்திரத்த பெரிய வட்டமா ஊத வைங்க, அந்த வட்டத்துக்கும் ஐபீஸ் ஓரத்துக்கும் நாலு பக்கமும் ஒரே இடைவெளி இருக்கான்னு பாத்தா போதும், கண்ணு அத ரொம்ப நல்லா கணிக்கும்.

அப்புறம் பேக்லாஷ். இத யாரும் முதல்லயே சொல்ல மாட்டாங்க, மேனுவல்ல எங்கயோ ஒரு வரில இருக்கும். பல்சக்கரத்துக்கு நடுவுல இடைவெளி உண்டு, நீங்க இடது பட்டன அழுத்தி நட்சத்திரத்த நடுவுல கொண்டு வந்தா சக்கரம் ஒரு பக்கம் உக்காந்திருக்கும், வலதுல வந்தா இன்னொரு பக்கம். மவுண்டுக்கு இது தெரியாது, மோட்டார் எத்தனை சுத்து சுத்துச்சோ அதத்தான் எண்ணும். அதனால கடைசியா நடுவுல கொண்டு வர்றப்ப எப்பவுமே ஒரே ரெண்டு பட்டன், நிறைய மவுண்ட்ல அது மேல் பட்டனும் வலது பட்டனும், உங்க மேனுவல்ல என்ன சொல்லிருக்குன்னு பாத்துக்கங்க. தாண்டிப் போயிடுச்சுன்னா பின்னாடி இழுத்து நடுவுல நிறுத்தாதீங்க, நல்லா பின்னாடி போயிட்டு மறுபடி அதே பட்டன்ல மெதுவா வாங்க. எனக்கு இது தெரியாம ஒரு சீசன் முழுக்க போச்சு, மவுண்ட் கிட்ட பேசி கூட பாத்திருக்கேன்.

இன்னொண்ணு. எம்31 தெரியலன்னா மவுண்ட் தப்புன்னு அர்த்தமில்ல. வெளிச்சம் அதிகமான வானத்துல அது ஐபீஸுக்கு நடுவுல இருந்தாலே கண்ணுக்குத் தெரியாம போகும். கோடூவ சோதிக்கணும்னா பிரகாசமான நட்சத்திரத்துக்கு அனுப்பி பாருங்க, கேலக்ஸிக்கு இல்ல.

கேட்டைக்காரன்:
ப்ரோ ஃபைண்டர் சரியா இருக்கா? பகல்லயே தூரத்துல ஒரு கோபுர உச்சி மாதிரி எதையாவது மெயின் ஐபீஸ்ல வச்சு ஃபைண்டர ஒத்து வைங்க, சூரியன் பக்கம் மட்டும் தப்பித் தவறி திருப்பிடாதீங்க. ஃபைண்டர் விலகியிருந்தா பக்கத்து நட்சத்திரத்த பிடிச்சிட்டு இதுதான்னு நம்பிடுவோம். புனர்பூசத்து ரெட்டையர் கேஸ்டர் பொல்லக்ஸ் இருக்காங்களே, 4.5 டிகிரிதான் இடைவெளி, நான் மாத்திப் பிடிச்சு ராத்திரி பூரா தேடியிருக்கேன். சில கண்ட்ரோலர் ரெண்டு நட்சத்திர இடைவெளி ஒத்து வரலன்னா சொல்லிடும், சிலது கண்டுக்காம சக்சஸ்னு போட்டுட்டு போயிடும்.

எங்கிட்ட இருக்கறது ஈக்வடோரியல் மவுண்ட் (பூமியோட அச்சுக்கு இணையா ஒரு அச்சு வச்சது), அதுல கூடுதலா கோன் எரர்னு ஒரு தலைவலி, குழாயும் டவ்டெயிலும் ஒரே திசைய பாக்காம இருக்கறது. அதுக்குத்தான் மெரிடியனுக்கு (வடக்கு-தெற்கா உச்சி வழியா போற கோடு) அந்தப் பக்கம் மூணாவது நட்சத்திரம் ஒண்ணு கேக்கும். உங்களுக்கு அது வேணாம்.

மூணுகால்:
லெவல் பத்தி ஒத்துக்கறேன், நான் ஒரு நட்சத்திர பழக்கத்துலயே இருந்துட்டேன் போல.

அலைன் பண்ண உச்சிக்கு நேரா இருக்கற நட்சத்திரம் வேணாம்னு மட்டும் சேத்துக்கறேன், அங்க குழாய் கொஞ்சம் நகரவே அஸிமத் (பக்கவாட்டு) மோட்டார் பெரிய சுத்து சுத்தும், நடுவுல வைக்கறதே பெரும்பாடு. அடிவானத்துக்குப் பக்கமும் வேணாம், ஒளிவிலகல் அங்க நட்சத்திரத்த அரை டிகிரி வரைக்கும் தூக்கிக் காட்டும்.

புதுமவுண்ட்:
அண்ணன்மாரே ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி சொன்னபடியே பண்ணேன். சிரியஸ், கபெல்லா, 10 மிமீ ஐபீஸ், ஊதிப் பெருக்கின வட்டம், கடைசில மேலும் வலதும் மட்டும். முதல்ல கை பழக்கத்துல இடது அழுத்திட்டே இருந்தேன், மூணு தடவ ஆரம்பத்துல இருந்து வந்தேன். அப்புறம் இரவுராந்தல் அண்ணன் சொன்ன மாதிரி கேலக்ஸிக்குப் போகாம ரோகிணிக்கு அனுப்பினேன், அதான் அல்டெபரான், 25ல கிட்டத்தட்ட நடுவுல. பொல்லக்ஸ், அதுவும் உள்ள. கார்த்திகை நடுவுல வந்து உக்காந்துச்சு. எம்31 போட்டேன், ஐபீஸ்ல நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில சாம்பல் நிறத்துல ஒரு திட்டு. படத்துல பாக்கற மாதிரி எதுவும் இல்ல, கண்ணாடில மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு, ஆனா ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தேன்.

ஒரு சந்தேகம். அப்படியும் அது நடுவுல வரல. இன்னும் சரி பண்ண முடியுமா?

பழையலென்ஸ்:
நல்ல செய்தி தம்பி. ஐபீஸுக்குள்ள வந்துட்டாலே இந்த அளவு மவுண்டுக்கு அது வேலைய செஞ்சிடுச்சுன்னு அர்த்தம். பெரிய ஆராய்ச்சி டெலஸ்கோப்புலயே நிறைய நட்சத்திரத்த வச்சு பிழைகளை அளந்து, குழாய் வளையறது, அச்சு செங்குத்தா இல்லாததுன்னு ஒவ்வொண்ணுக்கும் தனி எண் போட்டு திருத்தறாங்க, டிபாயிண்ட்னு ஒரு சாஃப்ட்வேரே அதுக்குன்னு இருக்கு. நம்ம கண்ட்ரோலர் ரெண்டே ரெண்டு நட்சத்திரத்த வச்சு அவ்ளோ தூரம் போறதே பெரிசு.

மங்கலான பொருள தேடறப்ப மட்டும் ஒரு குறுக்கு வழி இருக்கு. பக்கத்துல பிரகாசமான நட்சத்திரம் எதுன்னு பாத்து முதல்ல அதுக்குப் போங்க, எம்31க்கு மிராக், 8 டிகிரிக்குள்ளதான். அத நடுவுல வச்சு சிங்க் (இப்ப பாக்கறது இதுதான்னு மவுண்டுக்குச் சொல்றது) குடுத்துட்டு அங்கிருந்து தாவுங்க. அந்த வட்டாரத்துல தப்பு ரொம்ப குறைஞ்சிடும். சில மவுண்ட்ல இதையே துல்லிய கோடூன்னு தனி மெனுவா வச்சிருப்பாங்க. வேற பக்கம் போறப்ப அந்த சிங்க எடுத்துடுங்க, இல்லன்னா அங்க போய் கெடுக்கும்.

கேட்டைக்காரன்:
ப்ரோ இன்னொண்ணு, ஆயங்கள (வானத்துல இடத்தக் காட்டற எண்கள) கையால டைப் பண்ணி போறதா இருந்தா அது 2000ம் ஆண்டு ஆயமான்னு பாத்துக்கங்க. அயன சலனத்தால (பூமியோட அச்சு மெதுவா திசை மாறறதால) வருஷத்துக்கு 50 விகலை (ஆர்க்செகண்ட்) நகருது, 25 வருஷத்துக்கு 21 கலை (ஆர்க்மினிட், 60 சேந்தா ஒரு டிகிரி), நிலாவோட அகலத்துல முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கம்மி. சில மவுண்ட் இன்னைக்குத் தேதி ஆயத்ததான் எதிர்பாக்கும்.

புதுமவுண்ட்:
குறிச்சு வச்சுக்கறேன். ஓரியன் இன்னும் கொஞ்ச நாள்ல மேற்கால இறங்கிடும், அப்புறம் எந்த ஜோடிய வச்சு அலைன் பண்றது?

இரவுராந்தல்:
ஜூன் ஜூலைல ஆர்க்டரஸ், வேகா, இடைவெளி 59 டிகிரி. நீங்க இருக்கற அட்சரேகைக்கு ஆர்க்டரஸ் உச்சில ஏறி நின்னா அத விட்டுட்டு ஸ்பைகாவ பிடிங்க, நம்ம சித்திரை. அதுக்கும் வேகாவுக்கும் 88 டிகிரி. இடது பட்டன தொடாதீங்க.